வானில் தெரிந்த வெளிச்சம்: 329 முறை பார்த்தும் பிடிபடாதது எப்படிப் பிடிபட்டது?

(எபிசோடின் பேச்சு வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

நம்ம நேயர்கள் அனுப்புகிற குரல் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு கேள்வி இருக்கு. "மொட்டை மாடியில் நின்னேன், வானத்துல ஒரு வெளிச்சம், விமானம் இல்ல, நட்சத்திரமும் இல்ல, அது என்ன?" கேட்கிறவர்கள் யாரும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது குரலிலேயே தெரியும். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள், வெளியில் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார்கள். அதனால்தான் முகம் தெரியாத நம்மகிட்ட கேட்கிறார்கள்.

இன்னைக்கு அதைத்தான் எடுத்துக்கப் போறோம். வேற்றுக்கிரகவாசி இருக்கிறாரா இல்லையா என்ற விவாதம் இன்னைக்குக் கிடையாது. ஒருவர் "வெளிச்சம் பார்த்தேன்" என்று சொன்னால், அதை எப்படி விசாரிப்பது? எந்தக் கேள்வியை முதலில் கேட்பது? எங்கே நிறுத்திக்கொள்வது? இதுதான் விஷயம்.

தொடங்கும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த விசாரணையில் முதல் விதி, பார்த்தவர் பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்வது. பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. அவர் கண்ணில் வெளிச்சம் பட்டது உண்மை. கண்ணில் பட்டதுக்கும் வாயிலிருந்து வருவதுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

லடாக்கில் ஆறு மாதம்

ஒரு உண்மைச் சம்பவத்திலிருந்து போகலாம். இடம் லடாக், பாங்காங் ஏரி. கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேல். ஏரியின் ஒரு பகுதி நம்ம பக்கம், மீதி சீனாவின் கட்டுப்பாட்டில். நடுவில் அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு. வேலி கிடையாது, சுவர் கிடையாது. இரண்டு பக்கமும் ராணுவம்.

2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரைக்கும் அங்கே காவலில் இருந்த நம்ம வீரர்கள் வானத்தில் வெளிச்சங்களைப் பார்த்து வரிசையாகப் பதிவு செய்தார்கள். மொத்தம் 329 பதிவுகள். அதில் 155 முறை அந்தப் பொருள் எல்லைக் கோட்டைத் தாண்டி நம்ம பக்கம் வந்ததாகக் கணக்கு. சந்தேகம் என்னவென்றால், சீனாவின் உளவு ட்ரோன்.

2012 நவம்பரிலேயே பத்திரிகைகளில் செய்தி வந்துவிட்டது. மஞ்சள் நிறத்தில் உருண்டையாக, சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து எழும்பி, மூன்று முதல் ஐந்து மணி நேரம் மெதுவாக வானத்தைக் கடந்து போகிறது என்றார்கள். ராணுவம் சும்மா இருக்கவில்லை. ரேடாரைக் கொண்டுபோய் மலை மேல் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருள் ரேடாரில் தெரியவில்லை. ரேடியோ அலைகளைப் பிடிக்கிற கருவியை வைத்தார்கள். அந்தப் பொருளிலிருந்து எந்த சிக்னலும் வரவில்லை. நம்ம ட்ரோன் ஒன்றை அதை நோக்கி அனுப்பினார்கள். அது போக முடிந்த உச்ச உயரம் வரை போனது, ஆனால் அந்தப் பொருளை எட்ட முடியவில்லை.

இப்போ இந்த மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதி வைத்துப் பாருங்கள். ரேடாரில் தெரியவில்லை. சிக்னல் இல்லை. எவ்வளவு உயரம் போனாலும் கிட்ட வரவில்லை. அன்றைக்கு வந்த செய்திகளில் இதற்கு எழுதிய விளக்கம், "ரேடாரில் தெரியாததால் அது உலோகத்தால் ஆனதாக இருக்காது" என்பது. கேட்டால் மர்மம் இன்னும் கூடுகிறது, இல்லையா? உலோகம் இல்லாத, சத்தம் இல்லாத, எட்டிப் பிடிக்க முடியாத ஒரு வாகனம்!

ஆனால் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு எளிய விளக்கம் உண்டு. அது ரொம்ப ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. ராணுவ ரேடாரின் எல்லை சில நூறு கிலோமீட்டர். அதைத் தாண்டி இருப்பது உலோகமோ மண்ணோ, அந்த ரேடாருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைசியில் ராணுவம் பெங்களூரில் இருக்கிற இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் கூப்பிட்டது. நம்ம ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தையும், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் நடத்துகிற அதே நிறுவனம்தான். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் அவர்களுக்கு 2 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கிறது. அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இது பூமியைச் சேர்ந்ததா, வானத்தைச் சேர்ந்ததா?

பதிலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவைப்படவில்லை. அந்த வெளிச்சம் பக்கத்து நட்சத்திரங்களை ஒப்பிட்டு எப்படி நகர்கிறது என்று குறிக்கச் செய்தார்கள். நட்சத்திரங்களோடு சேர்ந்தே நகர்ந்தது. அவ்வளவுதான். ஒன்று வியாழன். இன்னொன்று வெள்ளி. 2013 ஜூலையில் இந்தச் செய்தி வெளியானபோது உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. நிறைய பேர் சிரித்தார்கள்.

சிரிப்பதற்கு முன்

நான் சிரிக்கச் சொல்ல மாட்டேன். ஏன்னு கேளுங்க.

அந்த வீரர் நிற்கிற இடத்தை யோசியுங்கள். உறைபனிக் குளிர். காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குதான். தூசி இல்லை, ஊர் வெளிச்சம் இல்லை. சென்னையில் நாம் பார்க்கிற வியாழன் வேறு, அங்கே தெரிகிற வியாழன் வேறு. அங்கே வெள்ளி உதித்தால் ஏரித் தண்ணீரில் அதன் பிம்பம் விழும் அளவுக்கு வானம் சுத்தம். அந்தக் காலத்தில் எல்லையில் ட்ரோன் நடமாட்டமும் உண்மையிலேயே கூடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கொடுத்த வேலையே, கிழக்கிலிருந்து ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது.

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாங்காங்கில் சீனப் பக்கம் என்பது கிழக்குப் பக்கம். சூரியன், சந்திரன், கோள், நட்சத்திரம் எல்லாமே உதிப்பது கிழக்கில், போய்ச் சேர்வது மேற்கில். அப்படியென்றால் ஒவ்வொரு இரவும் பிரகாசமான ஏதோ ஒன்று சீனப் பக்கத்திலிருந்து கிளம்பி, எல்லையைத் தாண்டி, நம்ம பக்கம் வந்துதான் தீரும். வானமே தினமும் ஊடுருவுகிறது! பதிவேட்டில் அது "அத்துமீறல்" என்று ஏறுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 2012 மே மாதம் குருப்பெயர்ச்சி, குரு ரிஷபத்துக்கு வந்தார் என்று நம்ம ஊர்க் கோயில்களில் எல்லாம் பூஜை நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஜோதிடப் பலன்களை விட்டுவிடுங்கள். அந்தச் செய்திக்குள் ஒரு வானியல் தகவல் இருக்கிறது. வியாழன் அந்த வருடம் ரிஷப விண்மீன் கூட்டத்தில், ரோகிணி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றது. 2012 டிசம்பர் 3 அன்று சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்தது. அதாவது பொழுது சாயும்போது கிழக்கில் எழுந்து, விடிய விடிய வானத்தில் இருந்தது. வெள்ளியோ அந்த ஆகஸ்டில் விடிவெள்ளி, அதிகாலையில் கிழக்கில். பிப்ரவரிக்குள் அது சூரியனுக்குப் பக்கத்தில் ஒதுங்கி மறைந்துவிட்டது. பதிவுகள் ஆகஸ்டில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிவதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் பயப்பட வேண்டிய விஷயமும் இருக்கிறது. கடைசிப் பதிவுக்கு இரண்டே மாதம் கழித்து, 2013 ஏப்ரலில், அதே லடாக்கின் தெப்சாங் பகுதியில் சீன வீரர்கள் வந்து கூடாரம் போட்டார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் இரண்டு தரப்பும் நேருக்கு நேர் நின்றன. அப்படிப்பட்ட சூழலில் "155 அத்துமீறல்" என்ற கணக்கு மேசையில் இருப்பதுக்கும் இல்லாததுக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஒருவர் நிதானமாக உட்கார்ந்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது சின்ன வேலை இல்லைங்க.

இயந்திரமும் ஏமாறும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1960 அக்டோபர் 5. கிரீன்லாந்தில் தூலே என்ற இடத்தில் அமெரிக்கா புதிதாக வைத்த மாபெரும் ஏவுகணை எச்சரிக்கை ரேடார், சோவியத் ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. அடிவானத்தில் எழுந்துகொண்டிருந்த சந்திரனில் பட்டுத் திரும்பிய எதிரொலி அது. அந்த நேரத்தில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் நியூயார்க்கில் ஐ.நா. கூட்டத்தில் இருந்தார். தங்கள் தலைவர் இருக்கிற ஊர் மேலேயே ஏவுகணை விடுவார்களா என்று யோசிக்க ஆள் இருந்தது நல்லதாகப் போனது.

கண் என்ன செய்கிறது

சரி, பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அப்புறம் எப்படி "அது நகர்ந்தது", "என்னைப் பின்தொடர்ந்தது", "ஜன்னல் இருந்தது" என்றெல்லாம் வருகிறது?

முதல் விஷயம், தூரம். இருட்டில் ஒரு ஒளிப்புள்ளியை மட்டும் பார்த்து அது எவ்வளவு தூரம் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கிற மின்மினியும், பத்து கிலோமீட்டரில் வருகிற விமானமும், கோடிக்கணக்கான கிலோமீட்டரில் இருக்கிற வெள்ளியும் கண்ணுக்கு ஒரு புள்ளிதான். தூரம் தெரியாவிட்டால் அளவு தெரியாது, வேகமும் தெரியாது. அதனால் யாராவது "ஐந்நூறு அடி உயரத்தில், பஸ் அளவுக்கு, பயங்கர வேகமாகப் போனது" என்றால், அந்த மூன்றுமே அவர் மூளை போட்ட கணக்கு. ஒன்றைத் தப்பாகப் போட்டால் மற்ற இரண்டும் தப்பு.

இரண்டாவது, அசைவு. இருட்டான அறையில் ஆடாமல் அசையாமல் இருக்கிற ஒரு சின்ன வெளிச்சத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் அது நகர ஆரம்பிக்கும். நகர்வது வெளிச்சம் இல்லை, நம்ம கண்ணும் மூளையும் செய்கிற வேலை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இல்லாததுதான் காரணம். 1935இல் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் இதை வைத்தே ஒரு புகழ்பெற்ற சோதனை செய்தார். நகராத வெளிச்சத்தைக் காட்டி, "எவ்வளவு நகர்ந்தது?" என்று கேட்டார். தனித்தனியாகக் கேட்டபோது ஆளாளுக்கு ஒரு அளவு சொன்னார்கள். குழுவாக உட்கார வைத்துக் கேட்டபோது, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாருடைய பதிலும் ஒரே அளவை நோக்கி வந்துவிட்டது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "நாங்க நாலு பேரும் ஒண்ணாத்தான் பார்த்தோம், நாலு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றோம்" என்பது வலுவான சாட்சி மாதிரி தெரியும். நாலு பேரும் பேசிக்கொள்வதற்கு முன்னால் தனித்தனியாக எழுதியிருந்தால்தான் அது நாலு சாட்சி. பேசிய பிறகு என்றால், ஏறக்குறைய ஒரே சாட்சிதான்.

மூன்றாவது, புள்ளிகளை இணைப்பது. 1968 மார்ச் 3 இரவு, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பல மாநில மக்கள் வானத்தில் வரிசையாகப் போன தீப்பிழம்புகளைப் பார்த்தார்கள். சோவியத் யூனியன் ஏவிய சோண்ட் 4 திட்டத்தின் மிச்சப் பாகங்கள் காற்று மண்டலத்தில் எரிந்து விழுந்தவை அவை. அப்போது கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் தலைமையில் பறக்கும் தட்டுகள் பற்றிய ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்தக் குழுவில் இருந்த வானியலாளர் வில்லியம் ஹார்ட்மன் இந்த இரவைப் பற்றி வந்த சாட்சிகளைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். காரணம், இங்கே விடை ஏற்கெனவே தெரியும். விடை தெரிந்த கணக்கில் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கிற மாதிரி.

பெரும்பாலானவர்கள் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லியிருந்தார்கள். ஆனால் சிலர், சுருட்டு வடிவத்தில் ஒரு வாகனம், அதில் வரிசையாக ஜன்னல்கள், உள்ளே விளக்கு எரிந்தது, ரொம்பத் தாழ்வாகப் போனது என்று எழுதியிருந்தார்கள். தகடுகளை ஆணி அடித்து இணைத்த உடல் போல இருந்தது என்று எழுதியவரும் உண்டு! அங்கே இருந்ததோ தனித்தனியாக எரிகிற துண்டுகள். துண்டுகளுக்கு நடுவில் இருந்த இருட்டை, மூளை ஒரு கப்பலின் உடலாக நிரப்பிவிட்டது. ஹார்ட்மன் கவனித்த இன்னொரு விஷயம்: இப்படிக் கற்பனை கலந்து எழுதியவர்களின் அறிக்கைகள்தான் உணர்ச்சியோடும் விவரத்தோடும் நீளமாக இருந்தன. விவரம் நிறைய இருப்பதால் மட்டும் ஒரு சாட்சி நம்பகமானது ஆகிவிடாது.

நம்ம நாட்டில் 2022 ஏப்ரல் 2 இரவு இதே காட்சிதான். மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம் முழுக்க மக்கள் வீடியோ எடுத்தார்கள். மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் ஏறக்குறைய 3 மீட்டர் அகலமுள்ள உலோக வளையமே கிராமத்தில் வந்து விழுந்தது. சீனாவின் லாங் மார்ச் ராக்கெட்டின் ஒரு பாகம் திரும்பி விழுந்ததுதான் என்று விண்வெளிப் பொருட்களைக் கண்காணிப்பவர்கள் சொன்னார்கள்.

விசாரணையை எப்படிச் செய்வது

இப்போ நடைமுறைக்கு வருவோம். உங்க பக்கத்து வீட்டு அண்ணன் வந்து "நேத்து ராத்திரி ஒண்ணு பார்த்தேன்" என்கிறார். என்ன கேட்பீர்கள்?

"அது என்ன மாதிரி இருந்தது?" என்று முதலில் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி "தட்டு மாதிரி" என்ற பதிலைத்தான் இழுத்து வரும். முதலில் இந்த நாலைக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு? எந்தத் திசையில்? எவ்வளவு உயரத்தில்? எவ்வளவு நேரம்?

நேரத்துக்கு செல்போனைப் பாருங்கள். ஒரு போட்டோ எடுத்திருந்தால், அதில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் நேரம் பதிவாகி இருக்கும். திசைக்கு, அவர் நின்ற இடத்துக்கே கூட்டிப் போய் கையைக் காட்டச் சொல்லுங்கள். "அந்தத் தென்னை மரத்துக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவுல" என்பது தங்கமான தகவல். உயரத்தை அடியில் சொல்ல வேண்டாம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று அளக்கச் சொல்லுங்கள். பொருளின் அளவுக்கு, நீட்டிய கையின் சுண்டு விரல் அகலம் 1 டிகிரி, முழு நிலா அதில் பாதி. நிலாவே சுண்டு விரலுக்குள் மறைந்துவிடும் என்று நிறைய பேருக்குத் தெரியாது.

நேரமும் திசையும் கையில் வந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்டெல்லாரியம் மாதிரி இலவச மென்பொருளில் அந்த ஊரையும் தேதியையும் நேரத்தையும் போட்டால், அந்த நிமிடம் அந்தத் திசையில் என்ன கோள், என்ன நட்சத்திரம் இருந்தது என்று காட்டும். அந்த நிமிடம் செயற்கைக்கோள் எது போனது, விமானம் எது போனது என்று பார்க்கவும் இணையத்தில் வசதி உண்டு.

அடுத்தது, எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதே பெரிய சல்லடை. ஓரிரு விநாடி என்றால் எரிகல். வேகமாக வந்து காற்றில் உரசி முடிந்துவிடும். ஒரு நிமிடம் போலத் துண்டு துண்டாக எரிந்துகொண்டே வானத்தைக் குறுக்காகக் கடந்தால், ராக்கெட் பாகமோ செயற்கைக்கோளோ விழுவது. சில நிமிடம், மினுங்காமல் சீராக நகர்ந்து நடுவானத்தில் சட்டென்று அணைந்தால், செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போயிருக்கும். ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போனால், 2019 மே மாதத்திலிருந்து அதற்குப் பெயர் பெரும்பாலும் ஸ்டார்லிங்க். சில நிமிடம் அசையாமல் நின்று, பிறகு திரும்பிப் போனால், உங்களை நோக்கி நேராக வந்த விமானத்தின் முன்விளக்கு. ஆரஞ்சு நிறத்தில் காற்றடிக்கும் பக்கமே மிதந்தால், யாரோ விட்ட காகித விளக்கு. மணிக்கணக்கில் நின்றால் அது வானத்தின் சொந்தப் பொருள்.

மணிக்கணக்கில் நிற்கிறது, ஆனால் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி மின்னுகிறது என்றால்? அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிரகாசமான நட்சத்திரம், பெரும்பாலும் சிரியஸ். அதன் ஒளி தடிமனான காற்று வழியாக வரும்போது நிறம் பிரிந்து துடிக்கும். ட்ரோன் விளக்கு என்றே தோன்றும்.

கடைசியாக ஒரு அருமையான சோதனை. செலவே இல்லை. மறுநாளும் அதே இடத்தில் நில்லுங்கள். நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். பதினைந்து நாளில் ஒரு மணி நேரம். அந்த வெளிச்சம் தினமும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னால் வந்தால் அது நட்சத்திரம், அல்லது வியாழன் மாதிரி கோள். தினமும் சரியாக 9:10க்கே வந்தால், கடிகாரம் பார்த்து வருகிற ஏதோ ஒன்று, அதாவது மனிதன் சம்பந்தப்பட்டது. வெள்ளி மட்டும் இந்தக் கணக்குக்கு விலக்கு. அது சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. ஆகவே மாலையில் மேற்கு, அல்லது விடியலுக்கு முன் கிழக்கு. வேறு இடமே கிடையாது.

செய்து பார்த்து நிரூபிக்கவும் முடியும். அமெரிக்காவின் டெக்சாஸில் மார்ஃபா என்ற ஊரில் மர்ம வெளிச்சம் பார்க்கவே தனி மேடை கட்டியிருக்கிறார்கள். 2004இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாக இயற்பியல் மாணவர்கள் நாலு இரவு அங்கே போய் உட்கார்ந்தார்கள். தூரத்து நெடுஞ்சாலையில் போகிற வண்டிகளின் எண்ணிக்கையை எடுத்தார்கள், தங்கள் காரையே அந்தச் சாலையில் ஓட்டி, மேடையிலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்தார்கள். தென்மேற்கில் அவர்கள் கண்ட வெளிச்சங்கள் எல்லாமே கார் முன்விளக்குகள்தான்.

மிச்சம் இருப்பது

"அப்போ எல்லாத்துக்கும் விளக்கம் இருக்கா?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. இல்லை. அதை மறைக்கக் கூடாது.

அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய புளூ புக் திட்டத்தில் மொத்தம் 12,618 அறிக்கைகள். அதில் 701 அடையாளம் காணப்படாமலே நின்றன. பிரான்சில் அரசு விண்வெளி நிறுவனத்துக்குள்ளேயே 1977 முதல் இதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் நாலு பெட்டி வைத்திருக்கிறார்கள். விளக்கம் உறுதி, விளக்கம் அநேகமாகச் சரி, தகவல் போதவில்லை, நல்ல தகவல் இருந்தும் விளங்கவில்லை. கடைசி இரண்டையும் அவர்கள் பிரித்து வைத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "நேரம் தெரியல, திசை தெரியல" என்ற கேஸ் மர்மம் ஆகாது. அது அரைகுறைத் தகவல், அவ்வளவே. உண்மையான மர்மம் நாலாவது பெட்டியில்தான், அதில் விழுவது கொஞ்சம்தான்.

நார்வேயில் ஹெஸ்டாலன் என்ற பள்ளத்தாக்கு. 1981 கடைசியிலிருந்து சில வருடம் அங்கே அடிக்கடி வெளிச்சங்கள் தெரிந்தன. 1984 குளிர்காலத்தில் எர்லிங் ஸ்ட்ராண்ட் உள்ளிட்ட ஒரு குழு ரேடார், கேமராக்களோடு போய்ப் பனியில் வாரக்கணக்கில் காத்திருந்தது. 1998இல் தானியங்கி கண்காணிப்பு நிலையமே அமைத்தார்கள். அங்கே தெரிந்ததில் நிறைய கார் விளக்கு, விமானம், கோள் என்று கழிந்துவிட்டது. மிச்சம் இருப்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்னும் வரவில்லை. விளங்கவில்லை என்றால் "விளங்கவில்லை" என்று எழுதி வைப்பதோடு விசாரணை நின்றுவிட வேண்டும். "விளங்கவில்லை, ஆகவே வேற்றுக்கிரகம்" என்று எழுதினால், நடுவில் ஒரு படி தாண்டிக் குதித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பார்த்தோம். வானம் முழுக்க மர்ம ட்ரோன் என்று பரபரப்பு. புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு 5,000க்கு மேல் தகவல்கள் வந்தன. அதில் மேற்கொண்டு விசாரிக்கத் தேறியது நூறு போல. சட்டப்படி பறந்த ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், ட்ரோன் என்று தவறாக நினைக்கப்பட்ட நட்சத்திரங்கள், இதுதான் அரசு அமைப்புகள் சேர்ந்து சொன்ன முடிவு. முன்னாள் ஆளுநர் ஒருவர் தன் வீட்டு மேலே தெரிந்ததாக வெளியிட்ட வீடியோவில் இருந்தது ஓரியன் விண்மீன் கூட்டம். அதுகூடப் பரவாயில்லை. சிலர் ட்ரோன் என்று நினைத்து, ஆள் இருக்கிற விமானங்கள் மேல் லேசர் அடித்தார்கள். விமானி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எஃப்பிஐ எச்சரிக்கை விட வேண்டியதாகிவிட்டது. உள்ளே இருந்தது நம்மை மாதிரி வீட்டுக்குப் போகிற மனிதர்கள்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். நீங்கள் வெளிச்சம் பார்த்தால், யார்கிட்டயும் பேசுவதற்கு முன்னால் நேரம், திசை, எத்தனை முஷ்டி உயரம், எத்தனை நிமிடம் என்று நாலு வரி எழுதி வையுங்கள். வேறு யாராவது வந்து "பார்த்தேன்" என்று சொன்னால், சிரிக்காதீர்கள். சிரித்தால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். ஒரு நாள் அவர் பார்த்தது நிஜமாகவே முக்கியமான ஒன்றாக இருந்தால், நமக்குத் தெரியாமலே போய்விடும். எல்லையில் நின்ற அந்த வீரர்கள் 329 முறையும் விடாமல் எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவுகள் இருந்ததால்தான் விடை கிடைத்தது.

உங்க நாலு வரியை எங்களுக்கு அனுப்புங்க. சேர்ந்து உட்கார்ந்து தேடுவோம். அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.